சந்தனம் வைத்த ஃபிளாப்பிகள்

லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைக் கணினியில் ஏற்ற மூன்று வழிகளை நான் என் கையால் செய்து பார்த்திருக்கிறேன். முதல் வழியை நானே கெடுத்தேன். கெடுத்ததால்தான் மற்ற இரண்டும் தெரியவந்தன. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்த விஜயதசமிக் காலைக்குப் பிறகு எத்தனையோ இயந்திரங்களில் ஏற்றிவிட்டேன். ஆனால் ஏறி முடித்து, திரையில் அந்த முதல் வரி வந்து நிற்கும்போது இன்னும் நான் திரையை விட்டு நகர்வதில்லை.

அப்போது எனக்கு இருபது வயது. தி. நகரில், உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் ஒரு கணினிப் பயிற்சி மையம் இருந்தது. அங்கே லேப் உதவியாளராக இருந்தேன். காலையில் பூட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றி வைத்து, ஐந்து இயந்திரங்களின் உறைகளையும் மடித்து அடுக்குவது என் வேலை. யாருக்காவது திரை உறைந்து நின்றுவிட்டால் ஓடிப்போய் எழுப்புவதும் என் வேலைதான். பாடம் எடுப்பது மட்டும் என் வேலை இல்லை. பாடம் எடுப்பவர்கள் பொறியியல் படித்தவர்கள். நான் மகளிர் பாலிடெக்னிக்கில் டிப்ளமா.

ஆனால் எங்கள் வீட்டில் அந்த டிப்ளமா சாதாரணமானதல்ல. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் பள்ளிக்கூடம் என்பது ஓட்டுப் போடப் போகும் கட்டடம். அப்பா மீன்பாடி வண்டி, மோட்டார் பூட்டிய மூன்று சக்கரச் சரக்கு வண்டி, ஓட்டினார். சிந்தாதிரிப்பேட்டையில் சரக்கை ஏற்றி, தேனாம்பேட்டை வழியாக தி. நகர் வரை ஒரு நாளைக்கு நான்கு நடை. மயிலாப்பூரில், கால்வாயை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. அம்மா தன் பெயரை எழுதுவாள். எழுதக் கற்றுக்கொடுத்தது நான், என் ஆறாவது வயதில்.

எங்கள் மையத்தின் முதலாளியை எல்லோரும் சார் என்போம். அந்த வருடம் சாரின் மைத்துனர் வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஒரு சி.டி. கொண்டுவந்து கொடுத்தார். அதில் லினக்ஸ் இருந்தது. யூனிக்ஸ் வகுப்பு நடத்த வேண்டுமென்பது சாருக்கு நெடுநாள் ஆசை. பெரிய கணினிகளில் ஓடும் யூனிக்ஸ் விலையில் எங்கள் மையத்துக்கு எட்டாத சமாசாரம். இது அதைப் போலவே நடக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று மைத்துனர் சொல்லியிருந்தார். ஒரே ஒரு சிக்கல். எங்கள் ஐந்து இயந்திரங்களில் ஒன்றில்கூட சி.டி. டிரைவ் கிடையாது.

சார் அடையாற்றிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைக்கப்போவதாகச் சொன்னார். நான் அவர் அறை வாசலில் நின்று, "சார், அந்த பேட்சை நான் எடுக்கறேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது. "லினக்ஸ் பாத்திருக்கியாம்மா?"

"பாக்கல சார். பாத்துடுவேன்."

"விஜயதசமி அன்னிக்குப் புது பேட்ச். அஞ்சு பேர் சேர்ந்திருக்காங்க. பத்தரை மணிக்கு அவங்க உள்ள வரும்போது அஞ்சு மிஷினும் லினக்ஸ்ல நிக்கணும். நின்னா பேட்ச் உன்னுது. நிக்கலேன்னா அடையாறு சாருக்கு ஃபோன் போட்டுடுவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

சரி என்றேன்.

சி.டி.யை எடுத்துக்கொண்டு கிண்டிக்குப் போனேன். அங்கே ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஓர் அக்கா, எங்கள் மையத்தில் முன்பு சி மொழி வகுப்பு எடுத்தவர், தன் ஆய்வகத்துக்குள் என்னை விட்டார். அங்கே சி.டி. டிரைவ் இருந்தது. சி.டி.யிலிருந்து ஃபிளாப்பிகளுக்குப் பிரித்து எழுதிக்கொண்டால், அந்த ஃபிளாப்பிகளை வைத்து எந்த இயந்திரத்திலும் ஏற்றலாம் என்றார். ஏற்றிப் பழக, மூலையில் சும்மா கிடந்த ஒரு பழைய இயந்திரத்தையும் காட்டினார்.

முதல் ஃபிளாப்பியை அதில் செருகி விசையைத் தட்டினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடத் தொடங்கியது. அதுவரை நான் பார்த்த கணினிகள் எதையும் சொல்லாதவை. விழிக்கும், காத்திருக்கும், அவ்வளவுதான். இது பேசியது. இவ்வளவு நினைவகம் கண்டேன், இந்த ஹார்ட் டிஸ்க் கண்டேன், இந்தக் கீபோர்டு கண்டேன் என்று, இருட்டில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தவர் ஒவ்வொரு பொருளாகத் தடவிப் பார்த்துச் சொல்வதுபோல வரி வரியாகச் சொன்னது. நான் திரையை விட்டு நகரவே இல்லை.

"யார்க்கா எழுதினது இதை?"

"ஒருத்தர் ஆரம்பிச்சார். அப்புறம் உலகம் பூரா ஆளுங்க. முக்காவாசிப் பேர் ஒருத்தர ஒருத்தர் பாத்ததே இல்ல."

"நாம எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கலாம். யாருக்கு வேணா குடுக்கலாம். தொறந்து பாத்து மாத்தலாம்."

நான் படித்த இடத்திலெல்லாம் ஏதாவது ஒரு அலமாரி பூட்டியிருக்கும். 'தொடாதே' என்று எழுதி ஒட்டியிருக்கும். முகம் தெரியாத ஆயிரம் பேர் உட்கார்ந்து இவ்வளவு பெரிய ஒன்றைக் கட்டி, கதவைத் திறந்துபோட்டு, வந்து எடுத்துக்கொள் என்று சொல்வார்கள் என்பதை என்னால் அன்று முழுதாக நம்ப முடியவில்லை.

மூன்று மாலைகள் அங்கே உட்கார்ந்து எழுதினேன். மொத்தம் நாற்பத்து மூன்று ஃபிளாப்பிகள். ஒவ்வொன்றின் மேலும் வரிசை எழுத்தும் எண்ணும் என் கையெழுத்தில். விளக்கக் குறிப்புகளை டாட் மேட்ரிக்ஸில் அச்சிட்டு, மடிப்பு மடிப்பாய்த் தொங்கும் அந்தத் தாளைப் பன்னிரண்டு பி பேருந்தில் மடியில் விரித்து, அகராதியோடு படித்தேன். பார்ட்டிஷன் என்ற சொல்லில் பயந்தேன். ஹார்ட் டிஸ்க்கை இரண்டாகப் பிரிக்க வேண்டும், தவறினால் உள்ளதெல்லாம் போய்விடும் என்று போட்டிருந்தது. பிறகு புரிந்தது. மயிலாப்பூரில் பாதி வீடுகள் அப்படித்தான். ஒரே வீடு, நடுவில் சுவர், இந்தப் போர்ஷனில் ஒரு குடும்பம், அந்தப் போர்ஷனில் ஒரு குடும்பம். எங்கள் இயந்திரங்களில் ஏற்கெனவே இருந்த டாஸ் ஒரு போர்ஷன். லினக்ஸ் ஒரு போர்ஷன். இயந்திரம் விழித்தவுடன் வாசலில் ஒரு சின்ன நிரல் நின்று, யார் வீட்டுக்கு வந்தீர்கள் என்று கேட்கும். கிண்டியின் பழைய இயந்திரத்தில் இரண்டு முறை ஏற்றினேன். இரண்டு முறையும் நின்றது.

அதற்குப் பிறகு மையத்தில் உடனே தொடங்கிவிட வேண்டுமென்று துடித்தேன். சார் விடவில்லை. "புதுசு. விஜயதசமி அன்னிக்கே ஏத்தும்மா. அதுக்குத்தானே அந்த நாளு" என்றார். ஆயுத பூஜை மாலையில் எல்லாவற்றையும் பூஜையில் வைத்துவிட்டால், மறுநாள் காலை மறுபூஜை முடிகிறவரை எதையும் தொடக் கூடாது. ஆக எனக்குக் கிடைக்கப்போவது, காலை ஏழிலிருந்து, மூன்றரை மணி நேரம். ஐந்து இயந்திரத்துக்கும் தனித்தனியே நாற்பத்து மூன்று ஃபிளாப்பிகளைப் போட்டால் மறுநாள் ஆகிவிடும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். முதல் இயந்திரம் ஒன்றாம் ஃபிளாப்பியை முடித்து இரண்டாவதைக் கேட்கும்போது, ஒன்றாவதை இரண்டாம் இயந்திரத்துக்குத் தள்ள வேண்டும். அது முடித்ததும் மூன்றாவதுக்கு. பந்தியில் பாத்திரம் கைமாறுவதுபோல ஒரே தொகுப்பு ஐந்து பேருக்கும் ஓடும். இந்த யோசனை குறிப்பில் இல்லை. என்னுடையது. பெருமையாக இருந்தது.

ஆயுத பூஜை அன்று காலை அப்பாவோடு வண்டிக்குப் பூஜை போட்டேன். அப்பா வண்டிப் பூஜையில் எதையும் விடமாட்டார். கைப்பிடி, பிரேக், செயின், மட்கார்டு, விளக்கு, மோட்டாரின் ஒவ்வொரு போல்ட்டுக்கும் சந்தனமும் குங்குமமும். "கண்ணு, அந்த மூலை நட்ட வுட்டுட்டியே. அது கோச்சிக்கினு நடுரோட்ல கயண்டுக்கும்" என்பார். நான் குனிந்து அந்த நட்டுக்கும் வைத்தேன்.

மாலை மையத்தில் பூஜை. முன்னறையில் உட்கார்ந்து சேர்க்கை பார்க்கும் மாமி, மயிலாப்பூரில் குளத்தை ஒட்டிய தெருவில் பல தலைமுறையாக இருப்பவர், சரஸ்வதி படத்தை வைத்து மாலை போட்டுக்கொண்டிருந்தார். படத்துக்குப் பின்னால் ஒளிவட்டம் மாதிரி எதையோ செருகினார். பார்த்தால் அந்த சி.டி.

"பளபளன்னு இருக்குடி. நம்மகிட்ட ஓட்டறதுக்கு மிஷின் இல்ல. அம்பாளுக்காவது ஒளிவட்டமா இருந்துண்டு போகட்டும்."

சார் மானிட்டர் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பொட்டு வைத்தார். அவ்வளவுதான் வழக்கம். நான் என் நாற்பத்து மூன்று ஃபிளாப்பிகளைக் கொண்டுவந்து படத்தின் முன் வரிசையாக அடுக்கினேன். அவைதான் என் ஆயுதம். அப்பா ஒரு நட்டைக்கூட விடாதபோது நான் எதை விடுவேன்? கிண்ணத்தில் சந்தனத்தைத் தளரக் கரைத்து, ஒவ்வொரு ஃபிளாப்பியின் நெற்றியிலும், அதாவது பக்கவாட்டில் நகரும் அந்த வெள்ளித் தகட்டின் நடுவில், ஒரு பொட்டு. அதன் மேல் குங்குமம். நாற்பத்து மூன்றுக்கும்.

"ஏன்டி, நாப்பத்து மூணுக்குமா? தாம்பூலம் குடுத்து அனுப்பப் போறியா?" என்று மாமி சிரித்தார்.

"ஒண்ண வுட்டா அது கோச்சிக்கும் மாமி" என்றேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு மாமி கற்பூரம் காட்டி, மணி அடித்து, படத்தைச் சற்று வடக்கே நகர்த்தினார். இனி தொடலாம். ஏழுக்கு முதல் இயந்திரத்தில் ஒன்றாம் ஃபிளாப்பி. நன்றாகவே படித்தது. அது இரண்டாம் இயந்திரத்துக்குப் போனது. இரண்டாவது, மூன்றாவது. முதலில் மூன்று இயந்திரங்களை மட்டும் ஓடவிட்டு, அவற்றுக்கு நடுவே நான் நாற்காலியைத் தள்ளியபடி போய்வந்தேன். மாமி மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு, நான் நீட்டியதை வாங்கி அடுத்ததில் போட்டார். ஏழாம் ஃபிளாப்பியில் முதல் டிரைவ் கரகரவென்று அரைத்தது. படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. மறுபடி போட்டேன். மறுபடி அரைத்தது. எட்டாவதைப் போட்டேன். அதுவும். இரண்டாம் இயந்திரம் ஐந்தில் நின்றது. கொஞ்ச நேரத்தில் மூன்றாவதும் முனக ஆரம்பித்தது.

ஃபிளாப்பியில் எழுதியபோது நேர்ந்த பிழை என்றே முதலில் நினைத்தேன். ஆனால் கிண்டியில் இரண்டு முறை முழுதாக ஏறியவை இவை. பதற்றத்தில் முன்பு படித்த ஒன்றாவதையே திரும்பப் போட்டேன். அதுவும் இப்போது படிக்கவில்லை.

மாமி பாய்க்கு ஃபோன் செய்தார். எங்கள் இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டுகிற பாய் ராயப்பேட்டைக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். ஸ்கூட்டரில் எட்டு மணிக்கு வந்து சேர்ந்தார். முதல் இயந்திரத்தின் டிரைவை வெளியே இழுத்து, மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் மோந்தார்.

"இன்னாம்மா இது, டிரைவு மணக்குது?"

அவர் ஒரு ஃபிளாப்பியை எடுத்து, வெள்ளித் தகட்டை விரலால் விலக்கினார். தகட்டின் விளிம்பு வழியாக உள்ளே கசிந்து காய்ந்த சந்தனம், மஞ்சள் தூளாகச் சுழல்தட்டின் மேல் உதிர்ந்து கிடந்தது. டிரைவின் படிக்கும் முனையில் அதே மஞ்சள். ஒரு ஃபிளாப்பி முனையை அழுக்காக்கியது. அழுக்கான முனை அடுத்த ஃபிளாப்பியைக் கீறியது. அதை நானே கையோடு அடுத்த இயந்திரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். பந்தியில் பாத்திரம் கைமாறுவதுபோல.

"அரே வா! இத்தினி வருசத்துல டிரைவுக்குள்ள கரப்பான் பாத்துகீறேன், பல்லி முட்டை பாத்துகீறேன். அபிஷேகம் இப்பத்தான் பாக்கறேன்." சிரித்தவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "வுடும்மா. டிரைவு செத்துப்போவல. ஸ்பிரிட் போட்டுத் தொடச்சுடலாம். ஃபிளாப்பிங்கதான் அவ்ளோதான்."

எட்டேகாலுக்கு நாற்பத்து மூன்றும் குப்பைக்கூடைக்குப் போயின. சார் எட்டரைக்கு இனிப்புப் பெட்டியோடு வந்தார். யார் வாயாலும் கேட்பதைவிட என் வாயால் கேட்கட்டும் என்று நானே போய் நின்றேன்.

"சார், ஃபிளாப்பிக்கு நான் சந்தனம் வெச்சேன். எல்லாம் போச்சு. தப்பு என்னுது."

சார் நம்ப முடியாமல் பார்த்தார். "மானிட்டருக்குத்தானே வெப்போம்?"

"நான் ஃபிளாப்பிக்கு வெச்சேன் சார்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி எட்டரை. பத்தரைக்கு அஞ்சு பேர் வராங்க. நான் அடையாறுக்கு ஃபோன் போடறேன்மா. அவர் வந்து போர்டுல எழுதியாவது வகுப்பை ஆரம்பிக்கட்டும்."

"போடுங்க சார். ஆனா பத்தரை இன்னும் ஆகல."

அப்படிச் சொல்ல எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது என்று தெரியாது. உள்ளே வந்தால் பாய் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் டிரைவைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் கண் சுவரில் சாய்த்திருந்த சரஸ்வதி படத்தில் நின்றது. ஒளிவட்டம் அங்கேயே இருந்தது. ஓட்ட இயந்திரம் இல்லாததால் அதை நான் ஆயுதக் கணக்கில் சேர்க்கவில்லை. அதனால் பொட்டும் வைக்கவில்லை.

"பாய், சி.டி. டிரைவ் எங்கனா கெடைக்குமா? இப்பவே."

பாய் யோசித்தார். "வண்டில கீது. வேற ஒரு கஸ்டமர் மிஷினு. ரெண்டு மணிக்குக் குடுத்தாவணும்."

"ரெண்டு மணிக்குள்ள குடுத்துடலாம்."

"அதுலயும் சந்தனம் வெப்பியா?"

"கும்புடக்கூட மாட்டேன் பாய்."

அவர் கீழே போய் டிரைவைக் கழற்றிக் கொண்டுவந்தார். ஐந்தாம் இயந்திரத்தின் மூடியைத் திறந்து, பட்டைக் கேபிளை வெளியே இழுத்து, மேஜையில் செய்தித்தாள் விரித்து அதன் மேல் டிரைவை அம்மணமாகப் படுக்கவைத்தார். மாமி படத்தைக் கும்பிட்டு, சி.டி.யை உருவி, தலைப்பால் துடைத்துக் கொடுத்தார்.

எங்கள் இயந்திரங்கள் சி.டி.யிலிருந்து விழிக்கத் தெரியாத பழையவை. ஆனால் குறிப்பில் ஒரு பக்கத்தை நான் பேருந்தில் மூன்று முறை படித்திருந்தேன். டாஸை எழுப்பி, அதிலிருந்தே சி.டி.யில் உள்ள ஒரு சிறு நிரலை ஓட்டினால், அது லினக்ஸை உள்ளே அழைத்துவரும். ஓட்டினேன். டாஸின் தோளில் ஏறி வந்த லினக்ஸ், உள்ளே வந்த கணமே டாஸை வெளியே அனுப்பிவிட்டுத் தானே நின்றது. மறுபடி அந்த வெள்ளை வரிகள். இவ்வளவு நினைவகம் கண்டேன். இந்த ஹார்ட் டிஸ்க் கண்டேன். இப்போது ஒரு வரி கூடுதலாக வந்தது. சி.டி. டிரைவ் ஒன்றையும் கண்டேன்.

"ஐயே, கண்டுக்கிச்சே!" என்றார் பாய். அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நடுவில் சுவரெழுப்பி இரண்டு போர்ஷனாக்கினேன். ஃபிளாப்பி மாற்ற யாரும் வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மூன்று மாலைகளில் நான் நாற்பத்து மூன்று துண்டாக்கியதை அந்தத் தட்டு நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருந்தது. ஒன்பதரைக்குள் முடிந்தது. இயந்திரத்தை நிறுத்தி எழுப்பினேன். வாசல் நிரல் கேட்டது. லினக்ஸ் என்றேன். நின்றது.

ஒன்று. இன்னும் நான்கு. சி.டி. டிரைவை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினால் பகல் மூன்றாகிவிடும்.

எங்கள் ஐந்து இயந்திரங்களின் முதுகிலும் ஒரே கறுப்புக் கேபிள் ஓடியது. பிரிண்டரைப் பொதுவில் பயன்படுத்த பாய் எப்போதோ போட்டது. குறிப்பின் கடைசிப் பக்கங்களில் இந்த வழி இருந்தது. அதை நான் நமக்கெதற்கு என்று ஒருமுறை மட்டும் படித்திருந்தேன். ஏற்கெனவே நிற்கும் ஒரு லினக்ஸ், தன்னிடமுள்ள சி.டி.யை அந்தக் கேபிள் வழியாக மற்றவர்களுக்குத் திறந்துவிடும். மற்றவை அதிலிருந்து ஏற்றிக்கொள்ளும். மடிப்புத் தாளை மேஜையெங்கும் விரித்து அந்த இடத்தைத் தேடினேன். மாமி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். கிடைத்ததும், சி.டி.யைத் திறந்துவிடச் சொல்லும் ஒற்றை வரியை ஐந்தாம் இயந்திரத்தின் ஒரு கோப்பில் எழுதினேன்.

மேஜை இழுப்பறையில், பூஜைக்கு வராத இரண்டு புது ஃபிளாப்பிகள் இருந்தன. நிற்கும் இயந்திரத்திலேயே அவற்றை விழிப்பு ஃபிளாப்பிகளாக எழுதினேன். இயந்திரத்தை எழுப்ப மட்டும் இவை போதும். மீதியெல்லாம் கேபிளில் வரும். துடைத்த டிரைவுகளில் ஒன்று மட்டும் எழுந்திருக்க மறுத்தது. ஐந்தாம் இயந்திரத்தின் கெடாத ஃபிளாப்பி டிரைவைக் கழற்றி அந்த இயந்திரத்தில் தொங்கவிட்டார் பாய். கேபிளின் இரு முனை மூடிகளையும் திருகிப் பார்த்தார். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் கதவு எண் மாதிரி ஓர் எண் கொடுத்தேன். எங்கிருந்து ஏற்றுவது என்று கேட்ட இடத்தில் ஐந்தாம் இயந்திரத்தின் எண்ணை அடித்தேன்.

சில விநாடிகள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேஜையிலிருந்த சி.டி. டிரைவ் தானாகச் சுழன்றது. அதன் பக்கத்தில் யாரும் இல்லை.

முதல் இயந்திரத்தில் பெயர்கள் ஓடத் தொடங்கின. இரண்டாவதை எழுப்பினேன். அதிலும் ஓடின. மூன்று, நான்கு. எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வந்தால் ஒரு குழாய்க்கு முப்பது குடம் வரிசையில் நிற்கும். ஒன்று நிறைந்தால்தான் அடுத்தது. நடுவில் சண்டை நடக்கும், குடம் உடையும். இங்கே ஒரே குழாயில் நான்கு குடமும் ஒன்றாக நிறைந்தன. ஒன்று சற்று முன்னே போகும், நிற்கும், இன்னொன்று எட்டிப் பிடிக்கும். யாரும் யாரையும் தள்ளவில்லை. முதலாவதுக்குக் கொடுத்ததால் நான்காவதுக்குக் குறையவில்லை. கேபிளைத் தொட்டுப் பார்த்தேன். அசையாமல், சூடில்லாமல், சும்மா கிடந்தது. அதற்குள்தான் அவ்வளவும் போய்க்கொண்டிருந்தது.

மாமி கையைக் கூப்பவில்லை. வாயில் விரல் வைத்து நின்றார். "ஏன்டி, யாரு கையும் படாம இப்படிப் போயிண்டிருக்கே!"

மணி பத்து இருபத்தைந்து. படிக்கட்டில் செருப்புச் சத்தம். ஐந்து மாணவர்களும் வந்துவிட்டார்கள். இரண்டு கல்லூரிப் பெண்கள், ஓர் இளைஞர், வங்கிக் குமாஸ்தா ஒருவர், குழந்தையை மாமியாரிடம் விட்டு வந்த ஓர் அம்மா. அவர்களுக்குப் பின்னால் கைப்பெட்டியோடு அடையாறு பயிற்சியாளர். முழுதாக நின்றது ஓர் இயந்திரம்தான். மற்ற நான்கும் பாதிக் கிணறு.

சார் அவர்களை முன்னறையில் உட்காரவைத்து இனிப்பை நீட்டினார். என்னிடம் மெல்ல, "இன்னும் எவ்வளவு?" என்றார்.

"அரை மணி சார்."

"அப்போ அவர் போர்டுல ஆரம்பிக்கட்டும். இவங்க இதைப் பார்க்க வேணாம். முடிஞ்சதும் கூப்பிடு."

திரும்பிப் போகப் போனவரிடம், "வேணாம் சார்" என்றேன். "இப்பவே உள்ள வரட்டும். முடிஞ்ச பிறகு பாத்தா இது எப்படி வந்துதுன்னு தெரியாது. எனக்கே இன்னிக்கு ஃபிளாப்பி கெடாம இருந்திருந்தா தெரிஞ்சிருக்காது."

அவர் பதில் சொல்வதற்குள் நான் முன்னறைக்குப் போய்க் கதவைத் திறந்து பிடித்தேன். "உள்ள வாங்க. வந்து உக்காருங்க. ஏறிட்டிருக்கு."

ஐவரும் உட்கார்ந்தார்கள். குமாஸ்தா கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு திரையில் ஓடும் பெயர்களைப் பார்த்தார். "இதெல்லாம் என்னம்மா?"

ஓடிக்கொண்டிருந்த பெயரிலேயே தொடங்கினேன். இது நீங்கள் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவது. இது கடிதம் அனுப்புவது. இது அகராதி மாதிரி, எந்தக் கட்டளைக்கும் விளக்கம் சொல்லும். இதோ போனது ஒரு விளையாட்டு. எல்லாவற்றுக்கும் எனக்குப் பதில் தெரிந்திருந்தது என்று சொல்லமாட்டேன். தெரியாததைத் தெரியாது என்றேன். இதை எழுதியவர்களைப் பற்றிக் கிண்டி அக்கா சொன்னதையும் சொன்னேன். ஃபிளாப்பி, சி.டி., கேபிள் என்று மூன்று வழிகளையும் சொன்னேன். முதல் வழி ஏன் கெட்டது என்பதையும் மறைக்கவில்லை. வாசலில் நின்ற பாய் அந்த இடத்தில், "அபிஷேகம்!" என்று எடுத்துக்கொடுத்தார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாக்காமயே எழுதினாங்களா?" என்று குழந்தையை விட்டு வந்த அம்மா கேட்டார். கிண்டி ஆய்வகத்தில் என் முகத்தில் இருந்த அதே வியப்பு அவர் முகத்திலும் இருந்தது. ஆமாம் என்றேன். நீங்களும் எழுதலாம், யாரும் தடுக்கமாட்டார்கள் என்றேன். அவர் திரையை இன்னும் சற்று நெருங்கி உட்கார்ந்தார்.

நான்காம் இயந்திரம் முதலில் முடித்தது. அதை எழுப்பும் வேலையை அதன் முன் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண்ணிடமே விட்டேன். அவள் பயந்து பயந்து விசையைத் தட்டினாள். வெள்ளை வரிகள் ஓடின. கீழே பாத்திரக்கடையில் யாரோ குடத்தைத் தட்டிப் பார்க்கும் சத்தம்கூடக் கேட்டது. கடைசி வரியில் எழுத்துகள் நின்று, உன் பெயர் என்ன என்று கேட்டன. அந்தப் பெண் கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூன்றாவது. பிறகு ஒன்று. இரண்டாவது கடைசியாக நின்றபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. பத்தரைக்கு ஐந்தும் நிற்க வேண்டுமென்ற பேச்சில் நான் தோற்றுவிட்டேன். எனக்கு அது தெரியும். சாருக்கும் தெரியும்.

அடையாறு பயிற்சியாளர் முக்கால் மணி நேரமாகச் சுவரோரம் நின்றிருந்தார். அவர் சாரிடம் ஏதோ சொல்வது தெரிந்தது, என்னவென்று கேட்கவில்லை. பிறகு கைப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கேபிளின் முனையைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னிடம், "சி.டி.யைத் தொறந்துவிட்ட அந்த ஃபைல்ல என்ன எழுதினீங்க?" என்று கேட்டார். சோதிக்கக் கேட்டதல்ல, தெரிந்துகொள்ளக் கேட்டது. கரும்பலகையில் அந்த ஒற்றை வரியை எழுதிக் காட்டினேன். அவர் பையிலிருந்து பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

சார் தன் அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் புது பேட்சின் வருகைப் பதிவேடு. மாமி மஞ்சள் தடவி, அட்டை போட்டு வைத்திருந்தது. அதை அவர் பயிற்சியாளரிடம் நீட்டுவார் என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. பதிவேட்டை என் முன்னால் மேஜையில் வைத்து, மேலே ஒரு பேனாவையும் வைத்துவிட்டு, "சார், வாங்க, காபி சாப்பிடலாம்" என்று பயிற்சியாளரை அழைத்துக்கொண்டு வெளியே போனார்.

அட்டையைத் திறந்தேன். தேதிக்கு நேரே, ஆசிரியர் கையெழுத்து என்று அச்சிட்ட கட்டம் காலியாக இருந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முதல் பெயரைப் படித்தேன்.

"பிரசன்ட்" என்றார் குமாஸ்தா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.